ஐந்தாவது பங்கு உப்பு

1943-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் தேதி, வியாழக்கிழமை. தேதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாமாவின் நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது; அதில் அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். மற்றவற்றில் நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுகிறேன்.

அன்று காலை ஐந்து மணிக்கு ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். ஐந்து என்பது ஆபீஸ் கடிகாரத்தின் கணக்கு. ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். எங்கள் கோழிகளுக்கு அது மூன்றரை மணிதான், அவை கூவவில்லை. அம்மா அடுப்பை மூட்டி மரவள்ளிக்கிழங்கை வேகவைத்தாள். அப்பா சாக்கில் தைத்த கால்சட்டையை மாட்டிக்கொண்டார். நான் வாசலைக் கூட்டினேன். ஆறு வயதுத் தம்பி விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கை ஐந்து துண்டாக வெட்டினான். மாமா சுவரில் செருகியிருந்த கண்ணாடித் துண்டைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். எங்கும் போகாத ஒருவர் அவ்வளவு நேரம் தலை வாரியது அந்த லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலிக் குடியிருப்பில், எங்கள் வீட்டில் மட்டும்தான்.

“கிராணி ஐயா கெளம்பியாச்சா?” என்றார் அப்பா.

“ஆபீஸ்லேருந்து கடுதாசி வரட்டும் மச்சான்,” என்றார் மாமா, சீப்பைத் தலையிலிருந்து எடுக்காமலே.

தினமும் நடக்கும் பேச்சுதான். அப்பா சிரித்துக்கொண்டே பெரட்டுக்களத்துக்கு, ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்த மைதானத்துக்கு, நடந்தார். அம்மாவும் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பால்மரம் வெட்டுவது பாதியாகக் குறைந்திருந்தது. மீதி நேரத்தில் காட்டை வெட்டிக் கிழங்கு போடச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் கெடாவில், சுங்கை லாலாங் பக்கத்தில் இருந்தது. மாமா அம்மாவுக்குத் தம்பி; அப்போது அவருக்கு இருபது வயது, எனக்கு ஒன்பது. அலோர் ஸ்டாரில் ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரை படித்துவிட்டு, அங்கேயே ஒரு துணிக்கடையில் வேலைக்கு இருந்தார். சண்டை வந்ததும் கடையை மூடிவிட்டார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் ஒரு ஜோடி தோல் சப்பாத்தோடும் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரன் திரும்பி வருவான், பரீட்சை வைப்பான், தாம் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, ஆவோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சப்பாத்து அதற்காகக் காகிதத்தில் சுற்றிக் கட்டிலுக்கடியில் காத்திருந்தது. நோட்டுப் புத்தகமும் அதற்காகத்தான்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மூன்று வரி உண்டு. முதல் வரி சொல். இரண்டாவது வரி அதன் பொருள், தமிழில். மூன்றாவது வரி பயன்பாடு. இந்த மூன்றாவது வரிக்கு மாமா ஒரு சட்டம் வைத்திருந்தார். புத்தகத்திலிருந்து வாக்கியம் எடுத்து எழுதமாட்டார்; யாராவது நிஜமான ஒரு காரியத்துக்கு அந்தச் சொல்லைச் சொல்லி, அதைத் தாம் கேட்டிருக்க வேண்டும். மரவள்ளி தின்று சாக்கு உடுத்தும் வீட்டில் யார் ஆங்கிலத்தில் பேசுவது? அதனால் பக்கம் பக்கமாக மூன்றாவது வரி காலியாகக் கிடந்தது.

எங்கள் வீட்டுக்குள் நிஜமாகவே புழங்கிய சொல் ஒன்றே ஒன்று. ஈக்வல்.

மாமா வருவதற்கு முன்பு அம்மா கிழங்கைக் கையால் பிட்டு வைப்பாள். அப்பாவுக்குப் பெரியது, தம்பிக்கு அடுத்தது, எனக்கு அதற்கடுத்தது, அடியில் ஒட்டியது அம்மாவுக்கு. மாமா வந்த பிறகு முறை மாறியது. ஒரு நாளைக்கு ஒருவர் வெட்ட வேண்டும். வெட்டியவர் கடைசியாக எடுக்க வேண்டும். கடைசித் துண்டு தன்னுடையது என்றால் எந்தக் கையும் நேராகத்தான் வெட்டும். “ஈக்வல்” என்று யாராவது சொல்லிவிட்டால் சண்டை முடிந்தது என்று பொருள்.

அப்பா மட்டும் ஒரு தடவை கேட்டார். “காட்டுல மரம் வெட்டுறவனுக்கும் வூட்டுல தலை சீவுறவனுக்கும் ஒரே அளவா? இதான் ஒன் ஈக்வலா?”

“வயிறு ஒரே அளவுதானே மச்சான்,” என்றார் மாமா.

அப்பா தம் துண்டைப் பார்த்தார், மாமாவின் துண்டைப் பார்த்தார், பிறகு தின்றார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அந்தச் சொல்லின் மூன்றாவது வரியில் என்னுடைய வாக்கியம் ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். “அது சண்டை. வாக்கியம் இல்ல,” என்று மாமா தள்ளிவிடுவார். அவர் வந்த நாளிலிருந்து அந்த வரி காலியாகவே இருந்தது.

இனி, மாமா ஏன் வீட்டுக்குள்ளேயே இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் ஓர் உத்தரவு வந்தது. சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும். வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டும். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். எதிர்வீட்டுப் பாப்பாத்தியின் அண்ணன் அப்படித்தான் முதல் லாரியில் போனான். எங்கள் வீட்டிலும் இரண்டு ஆண்கள்தான். ஆனால் மாமா தோட்டத்துப் பேரேட்டில் இல்லை. ஏட்டின்படி எங்கள் வீட்டில் நான்கு பேர். ரேஷனும் நான்கு பேருக்குத்தான். அதைத்தான் ஐந்தாக வெட்டினோம். லயத்தில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை போய்விட்ட பாப்பாத்தியின் அம்மாவும் திறக்கவில்லை.

“யாராச்சும் வந்து கேட்டா மாமா இங்க இல்லன்னு சொல்லணும்,” என்று அம்மா எனக்கும் தம்பிக்கும் பலமுறை சொல்லியிருந்தாள். நாங்களும் தலையாட்டியிருந்தோம்.

அந்த வியாழக்கிழமை உப்பு கொடுத்தார்கள். ஒரு மாதமாக உப்பில்லாத கிழங்கு. கோலா கெடாவிலிருந்து மூட்டை வந்திருப்பதாக முதல் நாளே செய்தி பரவியிருந்தது. பெரியவர்கள் காட்டில் இருந்ததால் வரிசையில் பெரும்பாலும் பிள்ளைகள்தான் நின்றோம். எனக்கு முன்னால் பாப்பாத்தி. மேசைக்குப் பின்னால் பேரேட்டோடு சின்னக் கிராணி. அவருக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான் சிப்பாயும், தமிழ் தெரிந்த ஒரு துபாஷியும் நின்றார்கள். ஆபீஸ் மரத்தடியில் ஒரு லாரி நின்றது. உப்பு வந்த லாரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளுக்கு அரை பால் டின் உப்பு. மீன் வாடை அடிக்கும் சாம்பல் நிற உப்பு. பாப்பாத்தி தன்னுடையதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது என் காதில் சொன்னாள்:

“எங்க வூட்டுல மூணு பேருக்கு மூணு பங்கு. ஒங்க வூட்டுல அஞ்சு பேருக்கு நாலு பங்கு. எங்க கொழம்புதான் ருசிலா!”

நாக்கை நீட்டிவிட்டு நகர்ந்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

சின்னக் கிராணி நான்கு பங்கை அளந்து என் டின்னில் கொட்டினார். நான் டின்னை எடுக்கவில்லை.

“அஞ்சு,” என்றேன்.

“நாலுதான் பாப்பா. அப்பா, அம்மா, நீ, தம்பி. எடுத்துக்கிட்டுப் போ.”

“அஞ்சு பேரு.”

அவர் கை நின்றது. என்னைப் பார்க்காமல் ஏட்டைப் பார்த்தபடி, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: “சின்னப் புள்ள, எண்ணத் தெரியல.” பிறகு குனிந்து, மெதுவாக, “நாலுதானே பாப்பா?” என்றார்.

தோட்டத்துப் பள்ளியில் கணக்கில் நான்தான் முதல். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “எனக்கு எண்ணத் தெரியும். எங்க வூட்டுல அஞ்சு பேரு. எல்லாருக்கும் ஈக்வலா பங்கு வேணும்!”

வரிசை முழுவதும் அமைதியாகிவிட்டது. ஆங்கிலம் பேசக்கூடாது என்ற உத்தரவு இருந்தது. அதனால்தான் எல்லோரும் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

துபாஷி மேசையைச் சுற்றி வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நல்ல முகம் அவருக்கு. “யாரும்மா அந்த அஞ்சாவது ஆளு?”

“எங்க மாமா.”

பெயர் கேட்டார். சொன்னேன். தலைப்பெழுத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

கேட்பவர்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். கொடுப்பவர்களிடம் சொல்லக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று என் மனத்தில் ஓடியது இதுதான். பெரிதுபடுத்தியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

துபாஷி சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் தலையசைத்தான். சின்னக் கிராணி ஐந்தாவது பங்கை அளந்தார். கொஞ்சம் உப்பு மேசையில் சிந்தியது. சிந்தியதையும் கூட்டி அள்ளி என் டின்னிலேயே போட்டார். அதன் பிறகு அவரைப் பேரேட்டில் ஒரு வரி எழுதச் சொன்னார்கள். எழுதினார்.

வீட்டுக்கு வரும்போது மணி பத்து இருக்கும். மாமா சமையற்கட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். டின்னை அவர் முன்னால் வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எதையும் விடவில்லை. மாமா நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கிராணி திரும்பத் திரும்பக் கேட்டாரா?”

“நாலு நாலுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு மாமா. நான் விடலையே!”

“நல்ல மனுசன்,” என்றார் மாமா.

ஏமாற்றப் பார்த்தவரை மாமா ஏன் நல்ல மனுசன் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருந்தது.

“இது வாக்கியமா, சண்டையா?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “வாக்கியந்தான். முழு வாக்கியம்.”

புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். மூன்றாவது வரியில் ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டார். மை காயும்வரை ஊதினார். எனக்கு அந்த எழுத்து தெரியாது. என் வாக்கியம் ஏறிவிட்டது என்று தம்பியிடம் சொல்ல ஓடப் பார்த்தேன். மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். டின்னிலிருந்து ஒரு பங்கை அளந்து, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றில் கொட்டி, இன்னொரு மங்கால் மூடி, விட்டத்தின் மேல் வைத்தார். புத்தகத்தையும் அதன் பக்கத்திலேயே வைத்தார்.

“அம்மா கேட்டா நாலுன்னு சொல்லு. இது நமக்குள்ள. யாருகிட்டயும் சொல்லக்கூடாது. இந்தத் தடவ கேக்குறவங்ககிட்டயும் சரி, குடுக்குறவங்ககிட்டயும் சரி.”

தீபாவளிக்கு எடுத்து வைக்கிறார் என்று நினைத்தேன்.

வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பகல் பன்னிரண்டே கால். பத்து மணிக்கும் அதற்கும் நடுவே இரண்டே கால் மணி நேரம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னாலேயே பால்மரக் காடு. பெண்டாங் என்ற ஊரில் வயல்காரர் ஒருவரிடம் ஒளிந்துகொள்ள அப்பா ஏற்பாடு செய்து வைத்திருந்தார் என்றும், துணி மூட்டைகூடக் கட்டித் தயாராக இருந்தது என்றும் வெகுநாள் கழித்து அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டே கால் மணி நேரத்தில் பாதி தூரம் போயிருக்கலாம். மாமா போகவில்லை. சப்பாத்தை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் உள்ள ஆள் கிடைக்காவிட்டால் அதே வீட்டின் அடுத்த ஆளை ஏற்றுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

தண்டல் வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பேரு எழுதியாச்சி தம்பி. நாலு மணிக்கு லாரி.”

அப்போதுதான் காட்டிலிருந்து வந்த அம்மா, தலைமேல் இருந்த விறகை அப்படியே போட்டாள். அப்பா பின்னால் ஓடிவந்தார். “நான் போறேன். எம்பேர எழுதிக்க,” என்றார் தண்டலிடம்.

“ஒங்க பேரு வரலியே மச்சான்,” என்றார் மாமா. “எனக்குத்தான் ஆபீஸ்லேருந்து கடுதாசி வந்திருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை.

அம்மா நேராக எதிர்வீட்டு வாசலுக்குப் போனாள். பாப்பாத்தியின் அம்மா அப்போதுதான் கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஒம்மவன் போயிட்டான்னு எந்தம்பியக் காட்டிக் குடுத்தியாடி? ஒன் வயித்தெரிச்சல் அடங்கிச்சா? எல்லா வூடும் ஒண்ணாயிருச்சா இப்ப?”

“என்னக்கா பேசுறீங்க?” அவர் ஈரக்கையோடு எழுந்தார். “சொல்றதா இருந்தா எம்புள்ள லாரி ஏறுன அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டேனா? ஒரு மாசமா ஒங்க வூட்டு வாசலப் பாக்குறப்பல்லாம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். மாரியாத்தா மேல சத்தியம், நான் இல்லக்கா.”

அம்மா கேட்கவில்லை. மண்ணை வாரித் தூற்றினாள். இரண்டு கைகளாலும் வாரினாள். லயத்து ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். உப்பு வரிசையில் நின்ற பிள்ளைகளும் அங்கே நின்றார்கள், பாப்பாத்தியும் நின்றாள். அவர்களில் ஒருவர்கூட என் பக்கம் கை நீட்டவில்லை. அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் மாமாவுக்கு முன்னால் நின்றிருந்தேன். அவருடைய கை என் தோளில் இருந்தது.

“அக்கா, அவங்க இல்ல,” என்றார் மாமா.

“பின்ன யாருடா?”

“அவங்க இல்ல. விடுக்கா.”

என் தோளை ஒரு தடவை அழுத்தினார். உப்பு ரகசியத்தை நினைவுபடுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாக அன்று எனக்குத் திருப்தி இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

நான்கு மணிக்கு மாமா தலையை வாரிக்கொண்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு லாரி ஏறினார். சாக்கு உடுத்திய ஆட்களுக்கு நடுவே அவர் மட்டும் தோல் சப்பாத்தோடு நின்றார். தம்பி கைகொட்டினான். லாரி கிளம்பும்போது, தலையில் இன்னும் மண்ணோடு, பாப்பாத்தியின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“தம்பி, அங்க எங்க பெரியவனப் பாத்தா, அம்மா நல்லாருக்கேன்னு சொல்லுப்பா.”

“சொல்றேங்க்கா,” என்றார் மாமா.

பின்னால் நடந்தவற்றை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்த லாரியில் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை. பாப்பாத்தியின் அண்ணனும் வரவில்லை. திரும்பியவர்களில் ஒருவர், முகாமில் சோறு பங்கிடும் வேலை மாமாவுக்குக் கொடுத்திருந்தார்கள் என்றும், அவர் தம் பங்கைக் கடைசியாகத்தான் எடுப்பார் என்றும், வாந்திபேதியில் போய்விட்டார் என்றும் அம்மாவிடம் சொன்னார். முதலிரண்டும் ஆறுதலுக்குச் சொன்னவையா என்று என்னால் உறுதி செய்ய முடியவில்லை.

ஜப்பான் சண்டை முடிந்து, நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றபோது எனக்குப் பதின்மூன்று வயது. முதல் வேலையாக அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். சொல்: ஈக்வல். பொருள்: சமம், சரிநிகர். பயன்பாட்டு வரியில் இருந்தது என்னுடைய வாக்கியம் இல்லை. மாமா தம்முடைய வாக்கியத்தை எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “என் அக்காள் மகள் எனக்கும் சமமான பங்கு வாங்கி வந்தாள்.” எழுத்து எங்கும் கோணவில்லை. பக்கத்தில் தேதி.

அம்மா கடைசிவரை அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்தது மறுநாள் காலையில்.

வெள்ளிக்கிழமை. தண்டவாளம் தட்டியதும் அம்மா எழுந்தாள். அடுப்பை மூட்டவில்லை. ஆங்கிலப் புத்தகம் வீட்டில் இருப்பது ஆபத்து. அதை வேறு இடத்தில் ஒளித்துவைக்க முக்காலியைப் போட்டு ஏறி விட்டத்தைத் துழாவினாள். புத்தகத்தோடு மங்கும் கைக்கு வந்தது. மூடியிருந்த மங்கை எடுத்துப் பார்த்தாள். கீழே இறங்கி, நான் வாங்கி வந்த டின்னைத் திறந்து, நான்கு பங்கும் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். மறுபடியும் மங்கைப் பார்த்தாள். பிறகு பாயில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். ஒளித்துவைத்ததற்கு அடி விழும் என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. ஒரு கையில் மங்கை எடுத்துக்கொண்டு, மறுகையால் என்னைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுக்கு நடந்தாள். இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. பாப்பாத்தியின் அம்மா கதவைத் திறந்தார். அம்மா மங்கை நீட்டினாள்.

“என்னக்கா இது?”

“எந்தம்பி பங்கு,” என்றாள் அம்மா.

பாப்பாத்தியின் அம்மா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். இருவரும் வாசற்படியில் அப்படியே நின்றார்கள். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இப்போது நான்கு பேருக்கு நான்கு பங்கு. அவர்கள் வீட்டில் மூன்று பேருக்கு நான்கு.

“அம்மா, இது ஈக்வல் இல்லம்மா,” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.